பார்டி கோட்டை: மதிலுக்காகவே போகலாம்

வடக்கு இத்தாலியில், பார்மா பக்கத்து செனோ பள்ளத்தாக்கில், செந்நிற ஜாஸ்பர் பாறை உச்சியில் நிற்கிறது இந்தக் கோட்டை. பாறை எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்பதே சட்டென்று பிடிபடாது. 1257-ல் லாந்தி குடும்பம் வாங்கி, நூற்றாண்டுக் கணக்கில் ஆண்ட இடம். உள் அறைகள் சுமார்தான். ஆனால் காவலர்கள் ரோந்து சுற்றிய மதில் நடைபாதை இருக்கிறதே, அதை விடாதீர்கள். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கில் வருகிறவன் யாராக இருந்தாலும் முன்கூட்டியே மாட்டிக்கொள்வான் என்பது புரியும். மொரோயெல்லோ என்ற தளபதியின் ஆவி உலவுவதாகக் கதை: ஜெயித்த மிதப்பில் எதிரியின் நிறங்களை அணிந்து வந்தானாம், அவன் தோற்றுவிட்டான் என்று நினைத்துக் காதலி மேலிருந்து குதித்துவிட்டாளாம். ஆவியை விடுங்கள், நல்ல ஷூ போட்டுக்கொண்டு போங்கள், ஏற்றமும் படிகளும் நிறைய. அப்புறம், பேருந்தை நம்பாமல் காரில் போவது உத்தமம்.