பாக்கெட் கேமரா: எதை விட்டுக்கொடுக்கத் தயார்?

பெரிய சென்சார், நீளமான ஜூம், பாக்கெட்டில் நுழையும் உடல். நல்ல காம்பாக்ட் கேமரா தேடுகிறவர்கள் இந்த மூன்றையும் கேட்கிறார்கள். கிடைப்பது இரண்டுதான். சென்சார் பெரிதானால் அதன் மூலைவரை ஒளி விழும்படி லென்ஸும் பெரிதாக வேண்டும். அதற்கு ஜூமும் வேண்டுமென்றால் கண்ணாடிகள் கூடும், குழாய் நீளும், பாக்கெட்டை மறந்துவிட வேண்டியதுதான். இது ஒளியியல் கணக்கு, எந்த நிறுவனமும் இதிலிருந்து தப்பியதில்லை. ஆகவே 'எது சிறந்தது' என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர முடியாது. மூன்றில் எதை இழந்தால் உங்களுக்கு வலிக்காது என்பதுதான் முதல் கேள்வி.

இந்தக் கேள்விக்கு நான்கு கேமராக்கள் நான்கு விதமாகப் பதில் சொல்கின்றன. சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 (2019) சென்சாரை விட்டுக்கொடுத்து ('ஒரு இன்ச்' என்று பெயர் பெற்ற சின்ன ரகம்) 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம் தருகிறது. எடை 302 கிராம். கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 3 (2019) அதே அளவு சென்சாரில் ஜூமை 100 மி.மீ.யோடு நிறுத்தி, லென்ஸின் வாயை அகலமாக வைத்துக்கொள்கிறது, 304 கிராம். ரிக்கோ ஜிஆர் 3 (2019) ஜூமை முழுவதும் தூக்கிப் போட்டுவிட்டு, பெரிய ஏபிஎஸ்-சி சென்சாரை 257 கிராமில் அடைக்கிறது. 28 மி.மீ. மட்டும்தான். 40 மி.மீ. வேண்டுமானால் 2021இல் வந்த ஜிஆர் 3எக்ஸ் என்ற தனி கேமரா. 2025இல் வந்த ஜிஆர் 4லும் அதே 28 மி.மீ., எஃப்/2.8தான் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும், ஒளி கூடும்). ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 விஐ (2024) ஜூமையும் விட்டது, பாக்கெட்டையும் பாதி விட்டது. 521 கிராம், 55 மி.மீ. தடிமன். கோட்டுப் பாக்கெட்டில் நுழையலாம், கால்சட்டையில் நுழையாது. பதிலுக்கு 40 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார், எஃப்/2 லென்ஸ், கண் வைத்துப் பார்க்க நிஜமான வ்யூஃபைண்டர். (இங்கே சொல்லும் லென்ஸ் கோண எண்கள் எல்லாம் ஃபுல் ஃப்ரேம் கணக்கில், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாருக்கு மாற்றியவை. எண் கூடினால் தொலைவில் இருப்பது கிட்டே வரும்.)

வெளிச்சக் கணக்கு

சென்சார் அளவைப் பார்த்தவுடன் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். ஒரு இன்ச் சென்சார் 13.2 × 8.8 மி.மீ., ஏபிஎஸ்-சி சுமார் 23.5 × 15.6 மி.மீ. பரப்பில் மூன்று மடங்குக்கும் கொஞ்சம் கூடுதல். அப்படியானால் ஜிஆர் இருட்டில் மூன்று மடங்கு சுத்தமான படம் தருமா? தராது, ஏனென்றால் சென்சாருக்கு முன்னால் லென்ஸ் ஒன்று இருக்கிறது.

கேனனின் லென்ஸ் 24 மி.மீ.யில் எஃப்/1.8 திறக்கும். ஜிஆர் எஃப்/2.8 வரைதான். இரண்டையும் ஃபுல் ஃப்ரேம் அளவுக்கு மாற்றிப் பார்ப்போம். ஒரு இன்ச்சுக்கு 2.7ஆலும், ஏபிஎஸ்-சிக்கு 1.5ஆலும் பெருக்க வேண்டும். கேனன் எஃப்/4.9, ஜிஆர் எஃப்/4.2. வித்தியாசம் அரை ஸ்டாப்கூட இல்லை! (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு.) மங்கலான அறையில் ஒரே ஷட்டர் வேகத்தில் இரண்டையும் முழுதாகத் திறந்து எடுத்தால், குருணையில், அதாவது படத்தில் தெரியும் புள்ளிகளில், பெரிய வேறுபாடு இருக்காது. எக்ஸ்100 விஐயின் எஃப்/2 இதே கணக்கில் எஃப்/3 ஆகிறது, ஜிஆரைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். சோனியின் நிலைதான் கஷ்டம். 24 மி.மீ.யிலேயே எஃப்/2.8, அதாவது எஃப்/7.6க்குச் சமம். 200 மி.மீ.க்கு இழுத்தால் எஃப்/4.5, அது எஃப்/12க்குச் சமம். சாயங்காலத்துக்கு மேல் அந்த ஜூமை நம்பி எதையும் எடுக்க முடியாது.

அப்படியானால் பெரிய சென்சாருக்கு என்ன பயன்? பகலில்தான் அதன் அருமை தெரியும். வெளிச்சம் தாராளமாக இருக்கும்போது எல்லா கேமராவும் அடிமட்ட ஐஎஸ்ஓவில் (ஒளியுணர்வு அளவில்) வேலை செய்யும். அப்போது பரப்பு பெரிதாக உள்ள சென்சார் நிரம்பி வழிவதற்கு முன் அதிக ஒளியைத் தாங்கும். உச்சிவெயிலில் வெளுத்துப் போகும் வானமும் மரத்தடி நிழலும் ஒரே படத்தில் வரவேண்டுமென்றால் ஜிஆர், எக்ஸ்100 இரண்டின் ரா கோப்புகளும் (கேமரா மெருகேற்றாத மூலப் படங்களும்) ஒரு இன்ச் கேமராவைத் தெளிவாக முந்தும். நிழலைத் தூக்கிப் பார்த்தால் அங்கே விவரம் இருக்கும், வெறும் புள்ளிகள் இருக்காது. இரவுப் படத்துக்காகப் பெரிய சென்சார் வாங்குகிறேன் என்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

பின்னணி மங்கல்

இங்கேயும் பரவலான நம்பிக்கை ஒன்று உண்டு: சென்சார் பெரிதானால் பின்னணி அழகாக மங்கும் என்பது. ஒருவரின் முகத்தை ஒரே அளவில் சட்டத்துக்குள் நிரப்பி எடுக்கிறோம், பின்னணி வெகு தொலைவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பின்னணி எவ்வளவு கலையும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ் துவாரத்தின் உண்மையான விட்டம். அதாவது லென்ஸின் நிஜமான குவிதூரத்தை எஃப் எண்ணால் வகுத்துவரும் விடை.

ஜிஆர் 3: 18.3 மி.மீ.யை 2.8ஆல் வகுத்தால் ஆறரை மி.மீ. ஜிஆர் 3எக்ஸ்: ஒன்பது சொச்சம். எக்ஸ்100 விஐ: 23ஐ 2ஆல் வகுத்தால் 11.5. கேனன் ஜி7 எக்ஸ், ஜூமை 100க்கு இழுத்து எஃப்/2.8இல் வைத்தால்: சுமார் 13. சோனி, 200 மி.மீ.யில் எஃப்/4.5: 16! சின்ன சென்சார் கேமராதான் இந்தப் பந்தயத்தில் முதலில் வருகிறது. தள்ளி நின்று ஜூம் செய்து முகத்தை எடுப்பவருக்குச் சோனியும் கேனனும் தரும் மங்கலை ஜிஆரால் தரவே முடியாது. பின்னணி ஆளுக்குப் பின்னாலேயே ஒட்டி இருக்கும் இடத்தில் கதை மாறும், அங்கே எக்ஸ்100இன் எஃப்/2க்குத்தான் கை ஓங்கும்.

தொலைவிலிருந்து எடுத்த முகத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 28 மி.மீ. லென்ஸை முகத்தருகே கொண்டுபோனால் மூக்கு பெருத்துக் காது ஒடுங்கும். இது லென்ஸின் குறை கிடையாது, கிட்டே போனதன் விளைவு. குடும்பத்தினரின் முகங்களைத்தான் அதிகம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஜிஆர் 3ஐ நான் பரிந்துரைக்க மாட்டேன். 3எக்ஸ் பரவாயில்லை.

போன் இருக்கும்போது எதற்கு?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு காம்பாக்ட் கேமரா பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. விரிகோணப் படங்களைப் போன் எடுத்துக்கொண்டுவிட்டது. பல படங்களை நொடிக்குள் அடுக்கிச் சேர்த்து, இரவிலும் திரைக்கு ஏற்ற படத்தைத் தந்துவிடுகிறது. ஆகவே 24 மி.மீ.யில் மட்டும் படமெடுக்க ஒரு இன்ச் கேமரா வாங்குகிறவர் போனிலிருந்து அதிக தூரம் நகர்வதில்லை.

போனுக்கு இன்னும் எட்டாதவை சில உண்டு. படிப்படியாகத் தாவாமல் 24 முதல் 200 வரை எந்த இடத்திலும் நிற்கும் ஜூம். ஓடுகிற ஆளை உறைய வைக்கும் செனான் ஃப்ளாஷ், இது சோனியிலும் கேனனிலும் எக்ஸ்100லும் உள்ளேயே இருக்கிறது, ஜிஆர் 3இல் இல்லை. வெயிலில் திரை தெரியாதபோது கை கொடுக்கும் வ்யூஃபைண்டர். கூர்மையைச் செயற்கையாக ஏற்றாத, மரத்து இலையை இலையாகவே காட்டும் ஏபிஎஸ்-சி படம். இந்தப் பட்டியலில் உங்களுக்கு எது உண்மையிலேயே வேண்டும் என்று பாருங்கள். சோனியின் ஜூம், ஜிஆரின் சென்சார், எக்ஸ்100இன் வ்யூஃபைண்டர் என்று ஒவ்வொன்றும் ஒரு திசையில் போனைவிட்டு வெகுதூரம் போகின்றன. கேனன் எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சம் நகர்கிறது. நடுவழியில் நிற்பவற்றைத்தான் போன் நெருங்கிப் பிடித்திருக்கிறது என்பது என் கணிப்பு.

நடுவழியில் நின்றும் கவர்ந்த ஒன்று, பானசோனிக் எல்எக்ஸ்100 மார்க் 2 (2018). ஒரு இன்ச்சுக்கும் ஏபிஎஸ்-சிக்கும் நடுவிலான ஃபோர் தேர்ட்ஸ் சென்சார், 24 முதல் 75 மி.மீ., எஃப்/1.7 முதல் 2.8. வெளிச்சக் கணக்கில் விரிகோண முனையில் ஜிஆரையே முந்துகிறது. ஆனால் 392 கிராம், திரை அசையாது, 17 மெகாபிக்சல். பழைய கேமரா நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்கலாம்.

கையில் எடுத்தால்

ஃபோகஸ் விஷயத்தில் நால்வரும் நான்கு குணம். சோனியின் 357 புள்ளி ஃபோகஸ் ஓடும் குழந்தையின் கண்ணை விடாமல் துரத்தும், நொடிக்கு 20 படம் எடுக்கும். பாக்கெட் அளவில் இதற்கு இணை எதையும் நான் பார்க்கவில்லை. கேனன் பிம்பம் கூர்மையாகும்வரை லென்ஸை நகர்த்திப் பார்க்கும் கான்ட்ராஸ்ட் முறையை மட்டும் நம்புவதால் மங்கலான இடத்தில் முன்னும் பின்னும் தேடித் தடுமாறும். எக்ஸ்100 விஐ ஆட்களை அடையாளம் காணும், ஆனால் லென்ஸ் மோட்டார் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை.

ஜிஆர் ஃபோகஸையே தவிர்க்க வழி வைத்திருக்கிறது, அதனால்தான் தெருப் படக்காரர்கள் அதை விடுவதில்லை. ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒரு வசதி. 2 மீட்டர் என்று முன்கூட்டியே வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸ் துவாரத்தை) எஃப்/8க்குக் குறைத்தால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து தெருமுனை வரை எல்லாம் ஏற்கத்தக்க கூர்மையில் இருக்கும். பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் போதும், கேமரா எதையும் தேடாமல் உடனே எடுத்துவிடும். கண்ட கணத்துக்கும் எடுத்த கணத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லாத அந்த உணர்வை வேறு எந்தச் சின்ன கேமராவும் எனக்குத் தந்ததில்லை. ஒற்றைக் கையால் எல்லாவற்றையும் இயக்கவும் முடியும்.

ஜூம் இல்லாததை ஈடுகட்ட எக்ஸ்100 விஐக்கு அதன் 40 மெகாபிக்சல் உதவுகிறது. அதன் 35 மி.மீ. கோணத்தை 50 மி.மீ. அளவுக்கு வெட்டினாலும் சுமார் 20 மெகாபிக்சல் மிஞ்சும், 70க்கு வெட்டினால் 10. ஜிஆர் 3இல் 28ஐ 50ஆக வெட்டினால் ஏழரை மெகாபிக்சல்தான் மிச்சம்.

எக்ஸ்100, ஜிஆர் இரண்டிலும் சென்சாரே அசைந்து நடுக்கத்தைச் சமன் செய்யும். இது கட்டடத்துக்கும் மேசைமேல் பொருளுக்கும் உதவும். ஆள் அசைந்தால் உதவாது. எக்ஸ்100 விஐக்குச் சொல்லப்படும் 'ஆறு ஸ்டாப்' என்ற எண்ணைக் குழந்தைப் படத்துக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீடியோ பற்றிச் சுருக்கமாக: முகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பேசி எடுப்பவர்களுக்கு ஜி7 எக்ஸும் ஆர்எக்ஸ்100 மார்க் 7உம் மட்டும்தான் பொருந்தும். இரண்டிலும் திரை மேலே மடங்கும், மைக் செருகலாம். ஃபோகஸ் நம்பிக்கைக்குச் சோனி. வெயிலில் ஷட்டர் வேகத்தை அடக்க உள்ளேயே ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டுமென்றால் கேனன். ஜிஆர் 3இல் 4கே கிடையாது.

தினசரித் தொல்லைகள்

பேட்டரி எதிலும் பெருமைப்படும்படி இல்லை. நிறுவனங்களின் பொது அளவீட்டு முறைப்படி ஒரு சார்ஜில் ஜிஆர் 3 200 படம், கேனன் 235, சோனி 260. எக்ஸ்100 விஐ ஆப்டிகல் வ்யூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் 450. உபரி பேட்டரி ஒன்றின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

தூசி இன்னும் கவலைக்குரியது. உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை இழுக்கிறது, கூடவே பாக்கெட் பஞ்சையும். சென்சாரில் ஒரு துகள் ஒட்டினால் லென்ஸைக் கழற்றித் துடைக்க இவற்றில் வழியில்லை, பழுதுபார்க்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். ஜிஆர் வரிசைமேல் இந்தப் புகார் நெடுநாளாக உண்டு. ஜிஆர் 3இல் சென்சாரை அதிரவைத்துத் தூசி உதிர்க்கும் ஏற்பாடு சேர்த்தார்கள். பாக்கெட்டில் வெறுமனே போடாமல் சின்ன உறையில் வைப்பது நல்லது. எக்ஸ்100 விஐயின் லென்ஸ் உள்ளிழுப்பதில்லை என்பதால் இந்த ஆபத்து குறைவு. முன்னால் வளையமும் ஃபில்டரும் பொருத்தினால் தூறலையும் தாங்கும்.

என் தேர்வு

தினமும் உடன் வரவேண்டும், படத்தின் தரத்தில் சமரசம் கூடாது, நடந்து கிட்டே போகத் தயார் என்றால் ஜிஆர். இந்த நான்கில் என் மனம் நிற்பதும் இதில்தான், ஏனென்றால் எடுத்துப்போன கேமராதான் படமெடுக்கும். 257 கிராம் பாக்கெட்டில் இருப்பதே தெரியாது.

பயணம், பறவை, மேடை நிகழ்ச்சி, பிள்ளைகளின் விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் ஒரே கேமரா, அதுவும் பெரும்பாலும் பகலில் என்றால் யோசிக்காமல் சோனி. இருட்டில் அது தரும் படத்தைப் பார்த்துப் பிறகு வருத்தப்படக் கூடாது. எக்ஸ்100 விஐயை வ்யூஃபைண்டரில் ஒருமுறை கண் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த அனுபவம் மனதைத் தொடவில்லை என்றால் அதன் எடைக்கும் விலைக்கும் நியாயம் இல்லை. கேனன், முதன்மையாக வீடியோவுக்கு.

இன்னும் குழப்பமாக இருந்தால் போனில் உள்ள பழைய படங்களைத் திறந்து, எத்தனை இடத்தில் விரலால் பெரிதாக்கி எடுத்திருக்கிறீர்கள், எத்தனை இடத்தில் அப்படியே எடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். முதல் வகை அதிகமென்றால் ஜூம் இல்லாத கேமரா ஒரு மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும்.