மதுரைக் கட்டுரைகளைப் பகுக்க ஹாட்கேட்: எங்கே கைகொடுக்கும், எங்கே சறுக்கும்

தமிழ் விக்கிப்பீடியாவில் பகுப்பு வேலை, அதாவது கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுக்கும் வேலை, பார்ப்பவர்கள் ஹாட்கேட் (HotCat) என்ற பகுப்புக் கருவியைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். புகுபதிகை செய்து, விருப்பத்தேர்வுகளில் கருவிகள் பகுதியில் டிக் அடித்துச் சேமித்தால் போதும். கட்டுரையின் அடியில் இருக்கும் பகுப்பு வரிசையில் சேர்க்க (+), நீக்க (−), மாற்ற (±) வந்துவிடும். தொகுப்புப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

திருப்பரங்குன்றம் முருகன் கோயிலை எடுத்துக்கொள்வோம். அது ஆறுபடை வீடு, பாண்டிய நாட்டின் 14 பாடல் பெற்ற தலங்களில் ஒன்று, குடைவரைக் கோயில், மதுரை மாவட்டக் கோயில். நான்கையும் (+) அழுத்தி ஒவ்வொன்றாகச் சேர்த்தால் கட்டுரையின் தொகுப்பு வரலாற்றில் நான்கு தொகுப்புகள் ஏறும். அந்தக் கட்டுரையின் மாற்றங்களைக் கவனிப்புப் பட்டியலில் பார்த்துவருபவர்களுக்கு எரிச்சல். (++) அழுத்தினால் எல்லாம் ஒரே சேமிப்பில் முடியும்.

இந்தக் கருவியில் மிக உயர்வானது (↓), (↑) அம்புகள்தான். இருக்கிற பகுப்பின் துணைப் பகுப்புகளையும் தாய்ப் பகுப்புகளையும் அவை காட்டும். கோயில், கண்மாய், கல்லூரி எல்லாவற்றையும் மாவட்டத்தின் தாய்ப் பகுப்பிலேயே கொட்டினால், ஒரு பக்கத்தில் 200 தலைப்புகள்தான் தெரியும். தேடுபவர் சலித்துப் போவார். (↓) அழுத்திப் பொருத்தமான துணைப் பகுப்புக்கு இறக்குங்கள்.

சறுக்கும் இடம் எழுத்துக்கூட்டல். கோயில், கோவில், மாவட்டத்திலுள்ள, மாவட்டத்தில் உள்ள: ஓரெழுத்தோ ஓர் இடைவெளியோ மாறினாலும் அது வேறு பகுப்பு. அருகில் சிவப்புக் குறி வந்தால் அப்படிப் பகுப்பே இல்லை என்று பொருள். ஆனாலும் கருவி தடுக்காது, சேமித்துவிடும். வார்ப்புரு (பல கட்டுரைகளில் இடப்படும் பொது அச்சு) வழியாக வந்த பகுப்புக்கு (−) வராது. வார்ப்புருவைத்தான் திருத்த வேண்டும்.

ஊர் விவரம் சரியா என்றும் ஹாட்கேட் பார்க்காது. கீழடி மதுரைக்குப் பக்கம்தான், ஆனால் சிவகங்கை மாவட்டம். கொடைக்கானல் 1985 முதல் திண்டுக்கல் மாவட்டம். இப்படிப்பட்ட பிழையைப் பிடிக்க, பகுப்புகளில் உள்ள கட்டுரைகளைத் தேடித் தரும் பெட்ஸ்கேன் (PetScan) கருவியைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொழிக்கு ta கொடுத்து, மதுரை, சிவகங்கை போன்ற இரண்டு மாவட்டப் பகுப்புகளையும் 'பகுப்பு:' என்ற முன்னொட்டு இல்லாமல் வரிக்கு ஒன்றாக இட்டு, இரண்டிலும் இருப்பவற்றை மட்டும் கேளுங்கள். வருவதையெல்லாம் நீக்கிவிடக் கூடாது: வைகை மதுரை, சிவகங்கை இரண்டு மாவட்டத்திலும் ஓடுகிறது. ஆழத்தை (எத்தனை அடுக்குத் துணைப் பகுப்புகள் வரை தேடுவது என்பதை) 2 அல்லது 3-இல் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மாவட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத கட்டுரைகளும் சேர்ந்து வரும்.