ஆலப்புழை போக வேலூரில் பணம் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

மே மாதம் முழுக்க வேலூர் வெயிலில் வெந்துவிட்டு, பள்ளி திறப்பதற்குள் ஆலப்புழை போய் வரலாம் என்று கிளம்பினோம். அம்மாவுக்கு 68 வயது. படகு வீட்டில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சீட்டு எடுத்த பணத்தில் பாதியை அவரே கொடுத்தார். அதனால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

இங்கேயே ஒரு டிராவல்ஸில் கட்டினோம். புகார் நடக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. ஆறு பேர், நான்கு நாள், 48,000 ரூபாய். முழுப் பணமும் கூகுள் பேயில் அங்கிருந்த ஏஜென்டின் சொந்த நம்பருக்குப் போனது. கைக்கு வந்தது ஒரு துண்டுச் சீட்டு: "கேரளா டூர், 6 பேர், 4 நாள்". கீழே ஒரு நீல முத்திரை. முகவரி இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, படகின் பெயர்கூட இல்லை. கேட்டதற்கு, "நம்ம ஊர்க்காரங்கதானே அண்ணா, நம்ப மாட்டீங்களா?" என்றார். அதற்கு மேல் கேட்கச் சங்கடப்பட்டு விட்டுவிட்டேன்.

டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட். "கன்ஃபர்ம் ஆயிடும், எனக்கு ஆள் இருக்கு" என்றார். ராத்திரி காட்பாடி ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு நிற்கிறோம், சார்ட்டில் ஆறு பேருமே வெயிட்டிங். ஆன்லைனில் எடுத்த டிக்கெட் முழுக்க வெயிட்டிங்கிலேயே நின்றுவிட்டால் அது தானாக ரத்தாகிவிடும், அதை வைத்து ரயில் ஏறக் கூடாது. பணம் எந்தக் கணக்கிலிருந்து கட்டப்பட்டதோ அங்கேயே திரும்பும். எங்கள் டிக்கெட் பணம் அவர் கணக்குக்குப் போய்விட்டது, நாங்கள் பிளாட்பாரத்தில் நின்றோம். ரயில் முன்பதிவுத் தளத்தில் தன் சொந்த ஐடியில் டிக்கெட் எடுத்து மற்றவர்களுக்கு விற்பது ரயில்வே சட்டப்படி குற்றம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

சேலம், கோவை, எர்ணாகுளம் என்று பஸ் மாறி மாறி ஆலப்புழை போய்ச் சேர மறுநாள் மாலை மூன்று மணி. கால் வீங்கி அம்மாவால் செருப்பே போட முடியவில்லை.

மூன்று அறை, எங்களுக்கு மட்டும் தனிப் படகு என்று பேசியிருந்தோம். போய்ப் பார்த்தால் ஓர் அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. படகோட்டி தன் போனை எடுத்துக் காட்டினார். எங்கள் ஏஜென்ட் அனுப்பிய செய்தியில் "2 ரூம், ஷேரிங்" என்று இருந்தது. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. தனக்கு வந்த காசுக்கு மரியாதையாகவே நடந்துகொண்டார். அம்மாவுக்குச் சாய்வு நாற்காலி போட்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்தார்.

மாலை ஐந்தரைக்குப் படகைக் கரையில் கட்டிவிட்டார்கள். இருட்டுவதற்குள் உள்ளூர் மீனவர்கள் வலை விரிக்க வேண்டும், அங்கே அதுதான் வழக்கம். பகல் பன்னிரண்டுக்கே ஏறியிருந்தால் வேம்பநாட்டுக் காயலை நிதானமாகப் பார்த்திருக்கலாம். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம், அதிலும் பாதி மழை. ஏசியும் ராத்திரி ஒன்பதுக்கு மேல்தான். பல படகுகளில் அப்படித்தானாம், ஏஜென்ட் இதைச் சொல்லவே இல்லை. ஜூன் முதல் வாரம் "ஆஃபர்" என்று அவர் சொன்னதன் காரணமும் அங்கேதான் புரிந்தது. நமக்கு ஜூன் என்றால் இன்னும் வெயில், கேரளாவிலோ ஜூன் 1 வாக்கில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும்.

பணம் கட்டும் முன் படகின் பெயர், பதிவு எண், எத்தனை அறை, தனியா ஷேரிங்கா, எத்தனை மணிக்கு ஏறுவது, ஏசி எப்போது என எல்லாவற்றையும் ரசீதிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் மட்டும் கொடுத்து, மீதியைப் படகில் ஏறிய பிறகு கொடுங்கள். ரயில் டிக்கெட்டை உங்கள் ஐடியிலேயே எடுங்கள். இப்போது 60 நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கிறது.

ஏற்கனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். படகு ஆலப்புழையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

1915-இல் புகார் பதிவான பிறகு டிக்கெட் பணத்தை மட்டும் இரண்டு தவணையாகத் திருப்பிக் கொடுத்தார். மீதிக்காக ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். துண்டுச் சீட்டும், படகோட்டி எனக்கு அனுப்பிய அந்தச் செய்தியின் படமும் அதோடு இணைத்திருக்கிறேன்.