பிராக்கா, வியன்னாவா? மியூனிக் மாணவரின் வார இறுதிக் கணக்கு

மியூனிக்கில் படிக்க வந்தவர்கள் முதல் பருவத்திலேயே இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பிவிட வேண்டும். பிராக் போவதா, வியன்னா போவதா? சீனியர்கள் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: பிராக் மலிவு, வியன்னா செலவு. பாதி உண்மை. முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: உங்களால் அதிகாலையில் எழ முடியுமா? பிராக் விடியலில் பார்க்க வேண்டிய ஊர். வியன்னா இருட்டிய பிறகும் சலிக்காத ஊர்.

பயணத்தில் வியன்னாவின் கை ஓங்கியிருக்கிறது. நேரடி விரைவு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பிராக்குக்கு ரயிலில் ஐந்தரை மணிக்கும் மேல் ஆகும். பஸ் சற்று வேகம். டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுவதும் வட்டாரப் போக்குவரத்துக்கான மாதச் சீட்டு) வைத்திருப்பவர்கள் வட்டார ரயிலில் சால்ஸ்பர்க் வரை அதிலேயே போய், அங்கிருந்து வியன்னாவுக்கு மட்டும் தனி டிக்கெட் எடுக்கலாம். பிராக் பாதையிலும் செக் எல்லை வரை அது செல்லும். ஆனால் பிராக்குக்கு வெள்ளி மாலை கிளம்பினால் நள்ளிரவை ஒட்டித்தான் போய்ச் சேருவீர்கள். விடியலில் எழ வேண்டிய ஊருக்கு இது நல்ல தொடக்கமில்லை.

இருந்தும் எழுந்துவிடுங்கள். பேரரசர் நான்காம் சார்லஸ் 1357-இல் கட்டத் தொடங்கிய சார்லஸ் பாலம், அரை கிலோமீட்டர் நீளத்துக்கு முப்பது சிலைகளுடன் வல்டாவா ஆற்றின் மேல் கிடக்கிறது. பகல் பதினொரு மணிக்கு அங்கே நீங்கள் பார்ப்பது முன்னால் நிற்பவரின் முதுகுப்பையை மட்டுமே. ஜூன் மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் உதித்துவிடும். அப்போது பாலத்தில் நடைப்பயிற்சிக்காரர்களும், திருமணப் படம் எடுக்க வந்த ஓரிரு ஜோடிகளும்தான் இருப்பார்கள். டிசம்பரில் எட்டு மணி வரை இருட்டு என்பதால் சோம்பேறிகளுக்கும் வாய்ப்புண்டு, குளிரைத் தாங்கினால்.

பிராக்கின் சரித்திரம் பெரும்பாலும் தெருவில் கிடக்கிறது, டிக்கெட் கேட்பதில்லை. பழைய நகரச் சதுக்கத்தின் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த தலைவர்கள் 1621 ஜூன் 21 அன்று கொல்லப்பட்ட இடம் அது. அவர்களில் பன்னிரண்டு பேரின் தலைகளைப் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். அந்தச் சிலுவைகளை மிதித்துக்கொண்டுதான் கூட்டம் 1410-ஆம் ஆண்டின் வானியல் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கிறது. மணிக்கொரு முறை அப்போஸ்தலர்கள், அதாவது இயேசுவின் சீடர்களின் உருவங்கள், சன்னலில் வந்து போகும் காட்சி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. அதற்காக அரை மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. பிராக் கோட்டையின் முற்றங்களுக்கும் கட்டணமில்லை, உள்ளே இருக்கும் கட்டடங்களுக்குத்தான் டிக்கெட். 22-ஆம் எண் டிராம் உங்களை மேலேயே கொண்டுபோய் விடும்; இறங்கும்போது நடக்கலாம்.

யூதர் குடியிருப்பில் இருக்கும் பழைய கல்லறையை மட்டும் காசு கொடுத்துப் பார்க்கலாம். இடம் போதாமல் ஒருவர்மேல் ஒருவராகப் புதைத்த நிலம் அது. கற்கள் ஒன்றோடொன்று சாய்ந்து நெருக்கியடித்து நிற்கின்றன. அதே டிக்கெட்டில் வரும் பிங்கஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறக்குறைய 78,000 செக் யூதர்களின் பெயர்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. வார இறுதிக்காரர்கள் கவனிக்க: சனிக்கிழமை இவை மூடியிருக்கும். ஞாயிறு காலைக்கு ஒதுக்கி வையுங்கள்.

வியன்னாவின் நடை வேறு. பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1857-இல் நகர மதில்களை இடிக்க ஆணையிட்டு, அந்த இடத்தில் வட்டச் சாலை போட வைத்தார். அதன் ஓரத்தில் நகரமன்றம் கோதிக் பாணியில், நாடாளுமன்றம் கிரேக்கப் பாணியில். பார்க்கப் பழையவை, வயதோ ஏறக்குறைய 150 ஆண்டுகள். வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனால் ‘பெரிய பெரிய கட்டடங்கள்’ என்ற நினைவு மட்டுமே மிஞ்சும். டான்யூப் நதியையும் எதிர்பார்க்காதீர்கள். பழைய நகரத்தை உரசிப் போவது அதன் கால்வாய்தான்.

வியன்னாவின் செல்வமெல்லாம் கதவுக்கு உள்ளே. கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓவியர் பீட்டர் புரூகலுக்கென்றே ஓர் அறை: 1563-இல் வரைந்த ‘பாபேல் கோபுரம்’, 1565-இன் ‘பனியில் வேட்டைக்காரர்கள்’. அந்த ஓர் அறைக்காகவே ரயில் ஏறலாம் என்பேன். கையைக் கடித்தால், கார்ல்ஸ்பிளாட்ஸில் உள்ள வியன்னா நகர அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சி இலவசம். ஷோன்புருன் அரண்மனைத் தோட்டமும் அப்படியே. அரண்மனை அறைகளை மாணவர் தயங்காமல் விட்டுவிடலாம்.

இனி மாலை. அரசு ஓபரா அரங்கில் நின்று பார்ப்பவர்களுக்கென நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு; நிகழ்ச்சி நாளன்றே விற்கிறார்கள். மூன்று மணி நேரம் நிற்கக் கால் இருந்தால், சுமாரான உணவகத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் உலகின் முதல் தரப் பாடகர்களைக் கேட்கலாம். உங்கள் இடத்தின் கம்பியில் ஒரு துண்டைக் கட்டிவிட்டு வெளியே உலாவி வரலாம். அது உங்கள் இடம் என்பதை எல்லோரும் மதிப்பார்கள். நம் பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பதேதான், என்ன, மேலே சரவிளக்கு தொங்குகிறது. ஜூலை, ஆகஸ்டில் அரங்கு மூடியிருக்கும். அந்த மாதங்களில் வியன்னா தன் பாதி பலத்தை இழந்துவிடுகிறது.

பணத்தைப் பொறுத்தவரை, தங்குமிடமும் சாப்பாடும் பிராக்கில் குறைவுதான். ஆனால் அங்கே யூரோ கிடையாது, கொருனா. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 25. சுற்றுலாப் பகுதியின் நாணய மாற்றுக் கடைகளும் ஏடிஎம்களும் மிச்சம் பிடித்ததைப் பிடுங்கிக்கொள்ளும். ஏடிஎம் ‘யூரோவில் கழிக்கட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். கடையில் மோசமான விலைக்கு மாற்றிவிட்டால், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதுடன் போய் ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. வியன்னாவில் இந்தத் தலைவலி இல்லை. குழாயில் ஆல்ப்ஸ் ஊற்றுத் தண்ணீர் வருகிறது. பாட்டிலை நிரப்பிக்கொண்டே திரியலாம். ஞாயிறன்று கடைகள் அடைத்திருக்கும், அவ்வளவுதான். இறைச்சி சாப்பிடாதவர்களுக்குப் பிராக்கில் பொரித்த பாலாடைக்கட்டி, வியன்னாவில் கைசர்ஷ்மாரன் என்னும் இனிப்பு அடை. இரண்டு ஊரிலும் பெரிதாக ஆசைப்பட வேண்டாம்.

என் கணக்கு இதுதான்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பிராக், குளிரும் மழையுமான மாதங்களில் வியன்னா. மழை பெய்தால் பிராக்கில் ஒதுங்க இடம் தேட வேண்டும், வியன்னாவில் அந்தக் கவலையே இல்லை. கூட்டாளிகள் பத்து மணிக்கு முன் எழாதவர்கள் என்றால் எந்த மாதமானாலும் வியன்னாவுக்கே கூட்டிப் போங்கள். புடாபெஸ்டையும் சேர்த்து மூன்று ஊரையும் ஒரே வார இறுதியில் ‘முடிக்க’த் திட்டம் போடுபவர்கள் ரயில் நிலையங்களை மட்டும் பார்த்துவிட்டு வருவார்கள்.

எங்கே போனாலும் பாஸ்போர்ட்டையும் வதிவிட அட்டையையும் அசலாகவே எடுத்துச் செல்லுங்கள். ஷெங்கன் பகுதிதானே, நாடுகளுக்கிடையே எல்லைச் சோதனை இருக்காதே என்று விட்டுவிடாதீர்கள். ஜெர்மனி 2024 செப்டம்பரில் எல்லா நில எல்லைகளுக்கும் சோதனையை விரிவாக்கியது. திரும்பும் ரயிலில் போலீஸார் ஏறி ஒவ்வொரு பெட்டியாக வரும்போது கைபேசியில் இருக்கும் படம் செல்லாது.