அப்பாவின் காசுக்கு அஞ்சலக மூத்த குடிமக்கள் திட்டம்: போடலாமா?

தங்கச்சிமடத்தில் இருக்கும் அப்பா, விசைப்படகில் தன் பங்கை விற்ற பணத்தை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது. கூட அலைந்தது நான் என்பதால் எழுதுகிறேன். வட்டி 8.2 சதவீதம், ஐந்து வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். பத்து லட்சம் போட்டால் ஒவ்வொரு தடவையும் 20,500 ரூபாய். போடுகிற அன்றைக்கு என்ன வட்டியோ அதுதான் ஐந்து வருடமும், நடுவில் குறைக்க மாட்டார்கள். பொதுவாக 60 வயது ஆகியிருக்க வேண்டும், ஒருவர் 30 லட்சம் வரை போடலாம்.

வட்டியை விட எனக்கு உதவியது அந்த விண்ணப்பப் படிவம்தான்.

எங்கள் பக்கத்து அப்பாக்களிடம் "கையில எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், "ஏன், நான் சாகப்போறேனா?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அதனால் நான் கேட்கவே இல்லை. ஏப்ரல் 15-க்கு அப்புறம் மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் சும்மா நிற்க, தம்பியும் வீட்டில் இருந்த ஒரு நாளில் படிவத்தை வாங்கிவந்து நடுவில் வைத்தேன். கேள்வியெல்லாம் அது கேட்டது. பான் கார்டு எங்கே, நாமினி யார், செக் எந்த பேங்கிலிருந்து? ஒரு லட்சத்துக்கு மேல் ரொக்கமாக வாங்க மாட்டார்கள், செக்தான். அந்த இடத்தில்தான் குட்டு வெளிப்பட்டது, பாதிப் பணம் பேங்கிலேயே இல்லை. அப்பா பேசாமல் போய் சுவரில் தொங்கிய வலைக்கடைக் காலண்டரைக் கழற்றிவந்து திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சிலில், வெளியே கொடுத்துவைத்த பணத்தின் கணக்கு: "ஐஸ் 40, சீட்டு 65, கருவாடு 1½". ஆள் பெயர் கிடையாது, தேதி கிடையாது, ஒன்றரை என்றால் ஒன்றரை லட்சம். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் இதை யார் படித்து யாரிடம் போய்க் கேட்பது? கருவாட்டு வியாபாரி நல்ல மனுஷன், மொத்தமும் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐஸ் இன்னும் உருகிக்கொண்டிருக்கிறது.

கணவன் மனைவி மட்டும்தான் கூட்டுக் கணக்கு வைக்க முடியும், பிள்ளைகளைச் சேர்க்க முடியாது. சிலருக்கு இது குறை. எனக்கு நிம்மதி, அண்ணன் பெயரா தம்பி பெயரா என்ற பேச்சே எழவில்லை. அம்மாவுக்கும் 60 தாண்டிவிட்டது, அவர் பெயரில் இதே திட்டத்தில் வேறு கணக்கும் இல்லை என்பதால், அப்பாவுக்குப் பிறகும் அவர் முதிர்வு வரை அப்படியே தொடரலாம். இதைச் சொன்னதும்தான் அப்பா கையெழுத்துப் போட்டார்.

இனி இடிக்கிற விஷயங்கள். வட்டி தானாகவே சேமிப்புக் கணக்கில் விழும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள், எடுக்காமல் கிடக்கும் வட்டிக்கு வட்டி கிடையாது. ஒரு வருடத்துக்குள் மூடினால் அதுவரை கொடுத்த வட்டியையும் அசலில் கழித்துக்கொள்வார்கள், இரண்டு வருடத்துக்குள் என்றால் அசலில் 1.5 சதவீதம் போகும், அதற்கு மேல் என்றால் 1 சதவீதம். அதனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கொஞ்சம் வெளியே வைத்துவிட்டு மிச்சத்தைப் போடுங்கள், "வட்டி நல்லா இருக்கே" என்று மொத்தத்தையும் கொண்டுபோய் முடக்காதீர்கள்.

மளிகைக் கடைக்காரர் மூன்று மாதம் காத்திருக்க மாட்டார், அதுவும் நிஜம். மாதாமாதம் காசு வேண்டும் என்பவர்களுக்கு அஞ்சலகத்திலேயே மாத வருமானத் திட்டம் இருக்கிறது, வட்டி 7.4 சதவீதம்தான், ஆனால் 60 ஆகியிருக்க வேண்டியதில்லை, தனியாக 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் வரை போடலாம். இதைக் கேள்விப்பட்டதிலிருந்து அம்மா தன் பெயரில் தனியாக ஒன்று போட வேண்டும் என்கிறார். இரண்டு லட்சம் வைத்திருக்கிறாராம். எங்கே வைத்திருந்தாய் என்று அப்பா கேட்டதற்கு மட்டும் இதுவரை பதில் இல்லை.