விற்பதா, வாடகைக்கு விடுவதா, பராமரிப்பதா? டர்பனில் ஓர் இன்வெர்ட்டர் கணக்கு

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் இருக்கும் தம்பி ஒருவன் போன மாதம் ஒரு யோசனையோடு வீட்டுக்கு வந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தமிழில் அவனுக்குக் கைவசம் இருப்பது அண்ணா, அக்கா, ஆயா என்கிற உறவுப் பெயர்களும் கோயிலில் பாடுகிற நாலு தேவாரமும்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனின் வடக்குப் பக்கம் தண்ணீருக்குப் பட்ட பாடு ஊரறிந்தது. டோங்காட்டில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாய் வறண்டு கிடந்தது. இவன் வீட்டிலும் வாளியும் லாரியுமாகத்தான் காலம் ஓடியது. "ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, மோட்டார் எல்லாம் வாங்கி விற்கப் போகிறேன் அண்ணா. நானே பட்ட கஷ்டம், எனக்குத் தெரியாதா?" என்றான்.

இதே வசனத்தைச் சொல்லித்தான் நானும் 2023 நடுவில் ஒரு தொழிலில் இறங்கினேன். அவனுக்குத் தண்ணீர், எனக்குக் கரண்ட். பட்ட கஷ்டம் ஒன்றுதான். அதை வைத்துப் பிழைக்க வழி மூன்று இருந்தது: இன்வெர்ட்டரை விற்பது, வாடகைக்கு விடுவது, பராமரிப்பது. நான் பிடித்தது நடு வழி. அது சரியா என்று அவனிடம் சொன்ன கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2012-ல் தமிழ்நாட்டில் நாள் ஒன்றுக்குப் பத்து மணி நேரம் கரண்ட் போன காலத்தில் வியர்த்துக் கிடந்துவிட்டு, இனி அந்தத் தொல்லை இல்லை என்று மறுவருடம் டர்பனுக்கு வேலைக்கு வந்தேன். தென்னாப்பிரிக்கா 2008-லேயே இருட்டைப் பார்த்துவிட்ட நாடு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வீடு டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில். அம்மா எங்களோடு இருக்கிறார். வாழ்நாளெல்லாம் விறகடுப்பு ஊதியவர். நுரையீரல் கெட்டுப்போய், ஒரு நாளில் பதினைந்து பதினாறு மணி நேரம் ஆக்சிஜன் மிஷின் ஓட வேண்டும். கரண்ட் போனால் அது கீச்சென்று அலாரம் அடித்துவிட்டு நின்றுவிடும்.

மின்சாரம் போதாமல் பகுதி பகுதியாக முறைவைத்து நிறுத்துவதை இங்கே லோட்ஷெடிங் என்பார்கள். அதற்குப் படிகள் உண்டு. முதல் படி என்றால் நாடு முழுவதுமாக 1,000 மெகாவாட் குறைப்பார்கள், ஆறாம் படி என்றால் 6,000. எங்கள் தெருவுக்கு அது ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரம். படி ஏற ஏற, தடவையும் ஏறும். வெள்ளச் சேதத்தால் எங்கள் மாநகராட்சிக்குச் சில மாதம் விலக்கு கிடைத்தது. அது முடிந்த கையோடு, கடையில் கண்ணில் பட்ட சக்கரம் வைத்த டிராலி இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி அம்மாவின் கட்டிலருகே நிறுத்தினேன்.

தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்துகொண்டு அந்தத் தப்பைச் செய்தேன் என்பதுதான் வெட்கம். 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரி. பெருக்கினால் 1,200 வாட் மணி வரும். ஆனால் அந்த ரக பேட்டரியைப் பாதிக்கு மேல் வடித்தால் ஆயுசு குறையும். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். கைக்கு மிஞ்சுவது ஐந்நூறு சொச்சம். ஐந்து லிட்டர் ஆக்சிஜன் மிஷின் 350 வாட் இழுக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரி படுத்துவிடும், மிச்ச அரை மணிக்கு சிலிண்டர். திரும்ப முழுசாக சார்ஜ் ஏற எட்டு மணி நேரமாவது வேண்டும். ஆறாம் படியில் அதற்குள் அடுத்த வெட்டு வந்து நிற்கும். வயிறு நிறையாத பிள்ளை மாதிரி அரைச் சார்ஜிலேயே கிடந்த பேட்டரி ஏழு மாதத்தில் செத்தது. பிறகு வாங்கியது ஒரு கிலோவாட் மணி லித்தியம் பெட்டி. அதில் ஏறக்குறைய முழுவதையும் எடுக்கலாம். இரண்டு மணி நேரம் தாங்கி, மீதியும் இருந்தது. சார்ஜும் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிட்டது.

அந்த ஆடியில் கோயிலில் கூழ் ஊற்றும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். வரிசையில் நின்ற ஓர் அக்கா சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் அப்பாவுக்கும் அதே மிஷின், அவர் வீட்டிலும் அதே டிராலி. தொழில் எண்ணம் பிறந்தது அங்கேதான்.

விற்கலாம் என்பதுதான் எல்லோரும் சொன்ன முதல் யோசனை. 2023-ல் அதைச் சொல்லாதவன்தான் பைத்தியக்காரன். ஐந்து கிலோவாட் இன்வெர்ட்டர், ஐந்து கிலோவாட் மணி லித்தியம் பேட்டரி, மாட்டுக் கூலி எல்லாம் சேர்த்து எனக்கு வந்த விலைப்பட்டியல்கள் 80,000 ராண்டைச் சுற்றி இருந்தன. ஒரு வீட்டில் மாட்டினால் நல்ல தொகை நிற்கும். அரசும் 2023 மார்ச்சிலிருந்து ஒரு வருடத்துக்கு, வீட்டில் புதிதாக சோலார் பலகை போடுபவர்களுக்கு அதன் விலையில் 25 சதவீதம், உச்சமாக 15,000 ராண்ட், வரியில் கழித்துக்கொள்ள விட்டது. சலுகை பலகைக்கு மட்டும்தான், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் கிடையாது. அதனால் கடைக்காரர்கள் பலகையையும் சேர்த்தே தலையில் கட்டினார்கள்.

எனக்கு இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று, சரக்குக்கு முன்பணம். என்னிடம் இருந்தது ஒரு லட்சம் ராண்டுக்குக் கொஞ்சம் மேல். அதை ஒரே இறக்குமதியாளரிடம் முடக்கிவிட்டு கப்பலுக்குக் காத்திருக்க மனம் வரவில்லை. இன்னொன்று, கூழ் வரிசையில் நின்ற அந்த அக்காவால் 80,000 கொடுக்க முடியாது. அவர் கஷ்டத்தைப் பார்த்துத் தொடங்கும் தொழிலில் அவரே வாடிக்கையாளராக முடியாது என்றால் அது வேறு யாருடைய தொழிலோ.

அதனால் வாடகை. ஆறு லித்தியம் பெட்டிகள், ஒன்று 17,000 ராண்ட். மாத வாடகை 650, முன்பணம் 1,500. ஆக்சிஜன் மிஷின் உள்ள வீடுகளுக்கு மட்டும். பிழை வந்தால் இரவானாலும் நானே மாற்றுப் பெட்டியோடு பக்கியில் (பிக்கப் வண்டிக்கு இங்கே அந்தப் பெயர்) வருவேன் என்று வாக்கு. இரண்டே வாரத்தில் ஐந்து வெளியே போய்விட்டன. ஆறாவதை மாற்றுக்கு வைத்துக்கொண்டேன். முதல் நான்கு மாதம் தினமும் யாராவது வாழ்த்தினார்கள். விற்பனைக்காரனுக்கு இது கிடைக்காது. மாட்டிவிட்டுப் போன பிறகு அவனுக்கு வருவதெல்லாம் புகார்தான்.

இப்போது கணக்கு. 17,000-ஐ 650-ஆல் வகுத்தால் 26 மாதம். பெட்ரோல், என் இரவுத் தூக்கம், வாடகை வராமல் சும்மா நிற்கும் மாற்றுப் பெட்டி எதையும் சேர்க்காமலே, முதல் தேற 26 மாதம். அவ்வளவு காலமும் கரண்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று என் தொழில் வேண்டிக்கொண்டது. அம்மாவோ பூஜையில் கரண்ட் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் இரண்டு பிரார்த்தனை.

அம்மாவுடையதுதான் பலித்தது. 2024 மார்ச் 26-ல் லோட்ஷெடிங் நின்றது. அடுத்த ஜனவரி கடைசிவரை, முந்நூறு நாளுக்கு மேல், ஒரு நாள்கூட வரவில்லை. ஜூனுக்குள் மூன்று பெட்டிகள் திரும்பி வந்துவிட்டன. யாரையும் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கணக்கில் வராத இன்னொன்றும் இருந்தது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை. என் வாடிக்கையாளர்கள் நோயாளிகள். ஒருவர் இறந்துபோனால் அந்தப் பெட்டியை எப்போது போய் எடுப்பது? கருமாதி முடிகிறவரை கேட்க முடியாது. முடிந்த பிறகும் நாக்கு எழாது. ஒரு வீட்டில் அவர்களே கூப்பிட்டு, துடைத்து, துணி போர்த்திக் கொடுத்தார்கள். பாக்கி இருந்த இரண்டு மாத வாடகையை அவர்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தொழில் முறையில் அது தவறு. சொந்தக் கஷ்டத்திலிருந்து பிறந்த தொழிலில் இந்த மாதிரித் தவறு மாதம் ஒன்று நடக்கும், அதையும் முதலிலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும்.

கரண்ட் நின்றுபோவது முழுசாக ஒழிந்ததா என்றால், இல்லை. கேபிள் திருட்டு, பழைய டிரான்ஸ்பார்மர், பழுது என்று இன்னும் போகிறது. ஆனால் அது அட்டவணைப்படி இரண்டு மணி நேரம் போவதில்லை. போனால் ஒரு பகல், சில சமயம் இரண்டு நாள். என் ஒரு கிலோவாட் மணிப் பெட்டி அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. நோய் அதேதான், ஆனால் நான் வைத்திருந்த மருந்தின் அளவு பொருந்தவில்லை.

விற்பனைக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று தம்பி கேட்டான். எனக்குத் தெரிந்த இருவரில் ஒருவர் கன்டெய்னர் சரக்கை வாங்கிய விலைக்கும் கீழே தள்ளிவிட்டு, கடைப் பலகையை மாற்றினார். மற்றவர் 2023 முழுக்க விற்றுவிட்டு, புதுச் சரக்கு எடுக்காமல் நிறுத்திக்கொண்டார். அவர் ஒரே வருடத்தில் சம்பாதித்ததை நான் வாடகையில் பத்து வருடம் ஓட்டினாலும் பார்த்திருக்க மாட்டேன். ஆகவே விற்பனை முட்டாள்தனம் என்று நான் சொல்லவில்லை. அதில் எப்போது நிறுத்துவது என்பதுதான் மொத்தத் திறமையும், அந்தத் திறமை கஷ்டப்பட்டவனுக்குத் தானாக வந்துவிடாது.

மூன்றாவது வழி பராமரிப்பு. நான் ஆரம்பத்தில் சீந்தாதது. 2023 அவசரத்தில் மாட்டப்பட்ட இன்வெர்ட்டர்கள் ஆயிரக்கணக்கில் வீடுகளில் இருக்கின்றன. பாதிக்கு வயரிங் ஒழுங்கில்லை. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவே ஃபியூஸ் இல்லாததெல்லாம் பார்த்திருக்கிறேன். கரண்ட் போகாவிட்டாலும் இந்த வேலை வரும். வீட்டை விற்க வேண்டுமென்றால் மின்சாரத் தகுதிச் சான்றிதழ், எல்லோரும் சிஓசி என்று சொல்கிறார்களே, அது இரண்டு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் மாட்டிய வீட்டுக்கு அந்த மாற்றத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். தீ விபத்து என்றால் காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான். முதலீடு ஒரு நல்ல கிளாம்ப் மீட்டர், கொஞ்சம் கருவிகள், ஏற்கெனவே இருக்கும் பக்கி. ஆனால் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனாக இருக்க வேண்டும். என்னிடம் அந்தப் பதிவு இருந்தும் ஒரு வருடம் பெட்டி சுமந்துகொண்டு திரிந்தேன்.

இதிலும் குறை உண்டு. நீங்கள் விற்பது உங்கள் நேரத்தை. சனி ஞாயிறு போய்விடும், காய்ச்சல் வந்தால் வருமானம் இல்லை. கூழ் வரிசையில் யாரும் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

தம்பிக்கு வேறு சிலரையும் காட்டினேன். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம். மனைவி கந்தல் துணி பயன்படுத்துவதைப் பார்த்து மலிவு நாப்கின் செய்யக் கிளம்பியவர். கடைசியில் அவர் பெருக்கி விற்றது நாப்கின் அல்ல, அதைச் செய்யும் மிஷினை. மகளிர் குழுக்கள் மிஷின் வாங்கித் தாங்களே செய்து விற்றன. கஷ்டம் ஒன்று, காசு வந்த இடம் வேறு. கேப்டவுனில் ஆயிஷா பண்டோர், ஆலன் ரிபிச் தம்பதி: விடுமுறைக் காலத்தில் வீட்டு வேலைக்கு மாற்று ஆள் கிடைக்காமல் அல்லாடியவர்கள், 2014-ல் வீட்டு வேலைக்கு இணையத்தில் ஆள் பதிவு செய்யும் ஸ்வீப்சவுத் தொடங்கினார்கள். வீடு ஒவ்வொரு வாரமும் அழுக்காகும், அதற்கு மார்ச் 26 கிடையாது. அப்புறம் எஸ்காம்சேபுஷ் செயலி. எஸ்காம் என்பது இங்குள்ள அரசு மின்சார நிறுவனம். இந்தச் செயலி ஒரு வாட் கரண்டும் கொடுக்காமல், எப்போது போகும் என்று மட்டும் சொல்லியே நாடு முழுக்கக் கைபேசிக்குள் புகுந்தது. அந்தப் பெயரில் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருக்கிறது. ஆப்ரிக்கான்ஸ் மொழி தெரிந்தவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு நான் மறுபடி தொடங்கினால் பராமரிப்பில்தான் தொடங்குவேன். வாடகைக்கு இரண்டே பெட்டி, ஆக்சிஜன் வீடுகளுக்கு மட்டும், லாபம் பார்க்காமல். விற்பனை, யாராவது முன்பணம் கொடுத்துக் கேட்டால் மட்டும். பெரிய முதலும் சந்தை மூக்கும் உள்ளவர் இதற்கு நேர் எதிராகச் செய்யலாம், அவருக்கு அதுதான் சரி. ஆனால் அவருக்குக் கரண்ட் போய்க் கஷ்டப்பட்ட அனுபவம் தேவையே இல்லை என்பதையும் கவனித்தேன்.

தம்பியிடம் ஒன்றுதான் கேட்டேன். "நாளைக்கே வெருலத்தில் குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்துவிட்டால், உனக்கு யாரடா போன் செய்வார்கள்?" பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். கோபித்துக்கொண்டான் என்றுதான் நினைத்தேன்.

போன சனிக்கிழமை நானே கூப்பிட்டேன். பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம். பக்கத்து வீட்டு ஜோஜோ தொட்டிக்குள் இறங்கி அடியில் படிந்த சேற்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறானாம். வாங்கி வைத்த நாளிலிருந்து யாரும் கழுவவே இல்லையாம், தெருவில் இன்னும் நாலு பேர் கேட்டிருக்கிறார்களாம்.

எவ்வளவு வாங்குகிறாய் என்றேன்.

"இன்னும் கேட்கவில்லை அண்ணா."