கூட்டமா, பணிக்குழுவா, குலுக்கலா: ரயில் நிலையத்தை ஒட்டி வீடு கட்டத் திட்டமிட எது தேறும்?

ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், அதாவது சுமார் 800 மீட்டருக்குள், எத்தனை மாடி எழும்பலாம், அங்கே யார் குடியிருக்க முடியும் என்று முடிவெடுக்கும்போது அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் தகராறு. பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டம் போடலாம், ஆட்களை நியமித்து ஒரு பணிக்குழு அமைக்கலாம், குலுக்கலில் ஆள் எடுத்து ஒரு சிறு மன்றம் கூட்டலாம். முதல் இரண்டிலும் நான் உட்கார்ந்து எழுந்தவன். கூட்டமே போதும் என்றவர்களோடு மல்லுக்கட்டிப் பணிக்குழுவைக் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன், அதனால் என் சாய்வை மறைக்கப் போவதில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செலவு குறைவு, ஒரே மாலையில் முடிந்துவிடும், பல இடங்களில் சட்டப்படி எப்படியும் நடத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் வரைபடம் முடிந்த பிறகுதான் மைக் நம் கைக்கு வரும், அதுவும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு. யார் கைக்கு வருகிறது என்பதும் பழைய கதைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊர்களின் கூட்டக் குறிப்புகளை எடுத்து அலசிய பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எழுந்து பேசியவர்களில் வயதானவர்களும் ஆண்களும் சொந்த வீட்டுக்காரர்களும் ஊரில் இருக்கும் அளவைவிட அதிகம் என்று கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் புதுக் கட்டடத்தை எதிர்த்தே பேசியிருந்தார்கள். நாளைக்கு அந்த வீட்டில் குடியேறப் போகிறவர் அந்தக் கூடத்துக்கு வர வழியே இல்லை, அவர் இன்னும் வேறெங்கோ வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பணிக்குழுவில் கிடைப்பது நேரம். இன்று கேட்ட கேள்விக்கு அதிகாரி மழுப்பினால் அடுத்த மாதம் அதே கேள்வியை மறுபடியும் அவர் முன்னால் வைக்கலாம். எங்கள் குழுவில் முதல் நாள் நான்கு மாடிக்கு மேல் பேச்சே கூடாது என்றவர், மேல் மாடிகளை உள்வாங்கிக் கட்டினால் நிழல் எங்கே விழும் என்று படம் போட்டுக் காட்டிய பிறகு ஆறுக்கு வந்தார். மூன்று நிமிட மைக்கில் இது நடக்காது. பரிந்துரை ஒவ்வொன்றுக்கும் நகர நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும் என்று அமைப்பு ஆணையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும், அக்கம்பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் உறுப்பினர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சரி, இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான்.

யாரும் கவனிக்காத விஷயம் வருகைப்பதிவேடு. குழு அமைக்கிற நாளில் யார் யார் இருக்கிறார்கள் என்று சண்டை போடுகிறோம், பத்தாம் மாதம் நாற்காலியில் யார் மிச்சம் என்று பார்ப்பதில்லை. நாங்கள் 17 பேர், அதில் 6 பேர் வாடகைதாரர்கள். பட்டியலைப் பார்த்து எல்லோருக்கும் திருப்தி, எனக்கும்தான். அப்புறம் ஒருவருக்கு இரவு ஷிப்ட் மாறியது, ஒருவருக்குக் குழந்தையை விட்டுவர ஆளில்லை, ஒருவர் வாடகை ஏறியதால் அந்தப் பகுதியை விட்டே போய்விட்டார், யாருக்காகக் குழு கூடியதோ அவரே போய்விட்டார் என்று அப்போது யாருக்கும் உறைக்கவும் இல்லை. பதினோராம் மாதம் வீட்டுக்கு ஒரு கார் பார்க்கிங் கட்டாயமா என்ற வாக்கெடுப்பு வந்தபோது வாடகைதாரர்களில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். 7க்கு 4 என்று கட்டாயம் நிலைத்தது. ஒரு கார் நிற்கவும் திரும்பவும் 25 முதல் 30 சதுர மீட்டர் போகும், ரயிலடியிலேயே அதை வீட்டுக்கு வீடு ஒதுக்கினால் வீட்டின் எண்ணிக்கை குறையும், விலை ஏறும். எங்கள் அறிக்கையின் மற்ற நாற்பது பக்கமும் சேர்ந்து செய்ததைவிட அந்த ஒரு வாக்கு அதிகம் செய்தது, அது வராதவர்களால் தோற்ற வாக்கு. கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு அமர்வுப்படிப் பணம், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஒரு மாற்று உறுப்பினர், பெரிய வாக்கெடுப்புகள் எல்லாம் முதல் ஆறு மாதத்துக்குள். இந்த நான்கையும் நாங்கள் கேட்கவே இல்லை.

கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஃப்ரூட்வேல் நிலையத்தை எனக்குத் திரும்பத் திரும்ப உதாரணம் காட்டுவார்கள். 1991இல் ரயில் நிறுவனம் அங்கே அடுக்குமாடி பார்க்கிங் கட்டப் போவதாகச் சொன்னது, அக்கம்பக்கம் எதிர்த்தது, கடைசியில் வீடுகள், மருத்துவ மையம், நூலகம் எல்லாம் அடங்கிய வளாகம் 2004இல் திறந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. இடையில் 13 வருடம் என்பதையும், அதை இழுத்துப் போன யூனிட்டி கவுன்சில் 1964இலிருந்தே இயங்கிவரும் உள்ளூர்ச் சமூக அமைப்பு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிற தன்னார்வலர்களால் அவ்வளவு நாள் தாக்குப்பிடித்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

குலுக்கல் மன்றத்தில் எனக்கு அனுபவம் இல்லை, படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன். மெல்போர்ன் நகரம் 2014இல் 43 பேரைக் கொண்டு தன் பத்தாண்டு நிதித் திட்டத்தை அலசச் செய்தது. சில மாதத்தில் முடிகிற வேலை என்பதால் ஆள் கரைவது குறையும் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் மன்றம் கலைந்த பிறகு பரிந்துரை என்ன ஆயிற்று என்று கேட்க யார் இருப்பார்கள்? குலுக்கல் என்றதும் நம்மவர்கள் உத்திரமேரூர் குடவோலையை இழுப்பார்கள். அந்தக் குடத்தில் பெயர் விழவே வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும் என்று கல்வெட்டிலேயே இருக்கிறது, வாடகைதாரர் அன்றைக்கும் வெளியேதான். குழுவில் பாதி இடத்தை மட்டும் குலுக்கலுக்கு விடலாம் என்று இப்போது நினைக்கிறேன், செய்து பார்த்ததில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. நிலம் முழுக்க ரயில் நிறுவனத்துடையதாகவும் வீட்டு ஒதுக்கீட்டுக்குச் சட்டமே இருப்பதாகவும் இருந்தால் பணிக்குழுவுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் ரயில் ஓட்டும் பொது நிறுவனமான சவுண்ட் ட்ரான்சிட்டுக்கு 2015 சட்டம் அப்படித்தான், வீடு கட்டத் தோதான உபரி நிலத்தில் 80 சதவீதத்தைக் குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகள் கட்டுகிறவர்களுக்கு முதலில் கொடுக்க முன்வர வேண்டும். அங்கே மிச்சம் இருப்பது நடைபாதை, மரம், வாசல் எந்தப் பக்கம் என்பதுதான், இரண்டு கருத்துக்கேட்புக் கூட்டம் தாராளம்.